கிடைவழிப் பயணம்: ஓர் ஆட்டு மருத்துவரின் ஏழு நாட்கள்

முதல் நாள், திங்கள்: வேப்பேரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு

இந்த மாத இறுதியில் நான் பணி ஓய்வு பெறுகிறேன். 1989-இல் பணியில் சேர்ந்த நாள்முதல் இன்றுவரை செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் தவிர வேறெதையும் நான் ஆராய்ந்ததில்லை. மிச்சமிருந்த விடுப்பில் ஏழு நாட்களை எடுத்துக்கொண்டு, எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஊர்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் கடைசி மாணவியும் உடன் வருகிறாள். ஒவ்வொரு நாளும் இரவில் தங்குமிடத்தில் உட்கார்ந்து அன்றைய குறிப்பை எழுதி அன்றைக்கே பதிவிடுவதாக எண்ணம்.

காலையில் வேப்பேரியில் நாங்கள் படித்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வாசலிலிருந்து புறப்பட்டோம். 1903-இல் சைதாப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய கல்லூரி அது. நான் 1983-இல் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் மிகச் சிலரே இருந்தோம். எல்லாரும் பசுவையும் குதிரையையும் நாயையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பாடப்புத்தகங்களில் ஆடு பெரும்பாலும் மாட்டைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசிப் பத்தியாகவே வரும். மாட்டுக்குச் சொன்ன மருந்தளவை எடைக்கேற்பக் குறைத்துக்கொண்டால் ஆட்டுக்குப் போதும் என்ற எண்ணம் பல காலம் நிலவியது. அது தவறு. வெள்ளாட்டின் உடல் பல குடற்புழு மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடுவதால், செம்மறிக்குப் போதுமான அளவு வெள்ளாட்டுக்குப் போதுவதில்லை. இந்த ஒரு செய்தி களத்தில் எல்லார் கைக்கும் போய்ச் சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

ராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தை வெளியிலிருந்தும், அனுமதி கிடைத்த அளவுக்கு உள்ளேயும் பார்த்தோம். ஆட்டம்மைக்கும், குட்டிகளைத் திடீரெனக் கொல்லும் துள்ளுமாரிக்கும், ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பானுக்கும் இங்கே தயாரான தடுப்பூசிகள்தான் என் பணிக்காலம் முழுவதும் என் குளிர்பெட்டியில் இருந்தன. பயிற்சிக்காக இங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு மூத்த அலுவலர், "மருந்து இங்கே தயாராகிறது, ஆனால் ஆட்டின் தோலுக்கடியில் போகும்வரை அது மருந்தல்ல" என்று சொல்வார். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அதை வெள்ளிக்கிழமைக் குறிப்பில் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், செவ்வாய்: அரசூர்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் விழுப்புரத்தைக் கடந்து உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் வருகிறது அரசூர். திருவெண்ணெய்நல்லூருக்குப் பிரியும் சாலையில் தேநீர்க் கடைகள் இருக்கின்றன. பேருந்துகள் நிற்கின்றன, கரும்பு ஏற்றிய வண்டிகள் போகின்றன. இந்த ஊரின் பெயர் உலகெங்கும் உள்ள ஆட்டு நோய் ஆய்வகங்களின் பதிவேடுகளில் இருக்கிறது என்று தேநீர் கொடுத்தவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

1987-இல், இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தபோது, அரசூரில் செம்மறியாடுகள் கொத்தாகச் செத்தன. கடுங்காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சீழ் வடிதல், வாய்க்குள் புண், அழுகிய நாற்றம், பிறகு கழிச்சல், நிமோனியா, சாவு. பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றியது வெக்கை நோய்தான். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த நோயை ஒழிக்க நாடே அப்போது போராடிக்கொண்டிருந்தது. ஆனால் அரசூரில் சாவு ஆடுகளில் நிகழ்ந்தது. அங்கிருந்து எடுத்த மாதிரிகளைச் சென்னையிலும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். எஸ். ஷைலாவின் ஆய்வகத்திலும் ஆராய்ந்து, இது வெக்கை நோயன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பிபிஆர் நோய் என்று உறுதிசெய்தார்கள். அந்த ஆய்வுக்கட்டுரை 1989-இல் வெளிவந்தது. இந்தியாவில் இந்நோய் பதிவான முதல் இடம் அரசூர். நம் ஊர்களில் அதை இப்போது ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். துறையின் பழைய கையேடுகளில் வெக்கை சார்பு நோய் என்று இருக்கும்.

அந்த ஆண்டு நான் இளங்கலை மாணவி. செய்தி எங்கள் வகுப்பறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. நோயியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குடலின் படத்தை வரைந்து, பெருங்குடலின் உட்சுவரில் வரிக்குதிரையின் கோடுகளைப்போல் இரத்தக் கோடுகளை இழுத்துக் காட்டினார். "இதைப் பார்த்தால் உடனே தொலைபேசியைத் தேடுங்கள்" என்றார். அன்றைக்குத்தான் ஆட்டைப் படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். ஒரு நோய் நம் தெருவில் நம் கண்முன்னாலேயே இருக்கலாம், அதற்கு வேறொரு நோயின் பெயரை நாம் வைத்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடலாம் என்பது எனக்குப் பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

அரசூரில் எடுத்த அந்த வைரஸையே ஆய்வகச் செல்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கினார்கள். "அரசூர் 87" என்பது அதன் பெயர். இமாச்சலப் பிரதேசத்தில் சுங்ரி என்னும் இடத்தில் வெள்ளாட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸிலிருந்து "சுங்ரி 96" வந்தது. ஒருமுறை சரியாகப் போட்டால் மூன்றாண்டுகளுக்கும் மேலாகக் காக்கும் தடுப்பூசிகள் இவை. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். மனித குலம் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது அது. 2015-இல் அதே ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் கூடிய மாநாடு, 2030-க்குள் ஆட்டுக்கொல்லியையும் ஒழிப்பது என்று இலக்கு வைத்தது. ஒழிக்க முடியும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். இதற்கு வகைகள் நான்கே, ஒரு தடுப்பூசி நான்கையும் தடுக்கும், நோயைப் பரப்பக் கொசுவோ பூச்சியோ கிடையாது, பிழைத்த ஆடு நோயைச் சுமந்துகொண்டு திரிவதும் இல்லை. வைரஸ் இத்தனை வாய்ப்பளித்தும் ஒழியவில்லை என்றால், ஊசி போய்ச் சேராத ஆடுகள் எங்கே இருக்கின்றன என்று நாம் தேடவில்லை என்றுதான் பொருள்.

ஊருக்குள் நடந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையோரம் மூன்று வெள்ளாடுகள் கட்டியிருந்தன. வீட்டுக்கார அம்மா மாணவியின் கையில் இருந்த காது அட்டைகளைப் பார்த்து, "ஊசி போடவா வந்தீங்க?" என்று கேட்டார். பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றேன். 1987-இல் அவர் இந்த ஊருக்கு மருமகளாக வந்திருக்கவில்லை. அவருடைய மாமியார் மட்டும் உள்ளிருந்தபடியே, ஒரு கோடையில் ஏரிக்கரையில் குழி வெட்டிக் குழி வெட்டிக் கை காய்த்துப்போனதைச் சொன்னார். எந்த ஆண்டு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், புதன்: பொட்டனேரி

சேலம் மாவட்டம் மேச்சேரிக்கு அருகிலுள்ள பொட்டனேரியில் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இயங்குகிறது. என் பணியின் முதற்பகுதி மேச்சேரி ஆடுகளோடுதான் கழிந்தது.

மேச்சேரி ஆடு இளம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லை, உடலில் கம்பளி இல்லை, குட்டையான மயிர் மட்டும்தான். இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். ஆனால் அதன் தோலுக்குத் தோல் பதனிடும் தொழிலில் தனி மதிப்பு இருக்கிறது. வெளியூர் மாணவர்கள் முதலில் பார்க்கும்போது இதை வெள்ளாடு என்றே சொல்வார்கள். வாலைப் பார் என்பேன். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். 36 ஆண்டுகளில் நான் அதிக முறை சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டின விருத்தி என்பது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு மிகச் சலிப்பான வேலை. குட்டி பிறந்தவுடன் எடை, தாயின் எண், தந்தையின் எண், காதில் அட்டை. மூன்றாம் மாதம் பால் மறக்கடிக்கும்போது எடை. ஆறாம் மாதம் எடை. பிறகு ஓராண்டில் எடை. அந்த எடைகளை வைத்து, எந்தக் கிடாவின் பிள்ளைகள் நன்றாக வளர்கின்றனவோ அந்தக் கிடாவை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிப்போம். நல்ல கிடாக்களை விவசாயிகளுக்குக் கொடுப்போம். ஒரு மந்தையில் ஒரே கிடா மூன்று நான்கு ஆண்டுகள் நின்றுவிட்டால் அதன் மகள்களோடு அதுவே சேர்ந்து குட்டிகள் நலியத் தொடங்கும் என்பதால், கிடாவை மாற்றச் சொல்லி வீடு வீடாகப் போவோம். அடுத்த தலைமுறைக் கிடா தன் பிள்ளைகளின் எடையால் தன் தகுதியைக் காட்ட மூன்றாண்டுகள் ஆகிவிடும். ஆதலால் ஒரு விஞ்ஞானியின் முழுப் பணிக்காலத்திலும் பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு மேல் பார்க்க முடியாது. இதற்குத்தான் பதிவேடு வேண்டும். நான் எழுதத் தொடங்கிய பக்கத்தை என் மாணவியின் மாணவி முடிக்க வேண்டியிருக்கும்.

இன்று தராசுக் கொக்கியில் தொங்கிய ஒரு பெட்டைக்குட்டியின் எடையை மாணவி உரக்கப் படித்தாள், நான் எழுதினேன். இத்தனை காலமும் நான் படித்து வேறொருவர் எழுதியதுதான் வழக்கம்.

நான்காம் நாள், வியாழன்: கொறங்காடு

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டிக் காக்கும் சொந்த நிலங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொறங்காடு என்கிறார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். மழையில் புல், கோடையில் வெள்வேலங்காய், எப்போதும் மர நிழல் என்று ஆடு மாடுகளுக்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று கிடைக்கும்படி இங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக அமைத்த ஏற்பாடு இது. இந்த மாசியில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. வேலிக்குள் விட்ட மேச்சேரி ஆடுகளுக்கு மேய்ப்பவர் யாரும் இல்லை, தேவையும் இல்லை.

நாங்கள் தங்கிய தோட்டத்தில் பட்டியைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டு அம்மா. எனக்கு இவர் இருபது ஆண்டுப் பழக்கம். குடற்புழுவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை இவர் பட்டியில்தான் கற்றேன்.

ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் ஹீமோங்கஸ் என்னும் புழு நம் போன்ற வெப்ப நாடுகளின் செம்மறிகளுக்கு மிகப் பெரிய எதிரி. ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் உறிஞ்சும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி போய்விடும். ஒரு பெட்டைப் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு தரையில் விழுந்த முட்டைகள் மழை ஈரத்தில் பொரித்து, இளம்புழுக்கள் புல்லின் மேல் ஏறி நின்று அடுத்த ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். ஆடு சோர்ந்து, கண் வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கித் தொங்கும்போதுதான் உடையவர் நம்மைத் தேடி வருவார்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் நாங்கள் கொடுத்த அறிவுரை எளிமையானது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுங்கள். அது பிழையான அறிவுரை என்று உணரப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றும்போது, மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் தப்பிப் பெருகும். பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் பதிவாகிவிட்டன. மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றில்தான் குவிந்திருக்கும். ஆகவே அந்த ஆடுகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஃபமாச்சா என்றொரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். கீழ் இமையை இழுத்து உட்புறச் சவ்வின் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் வேண்டும்.

அந்த அட்டையைப் பெருமையோடு எடுத்துக்கொண்டு முதன்முறையாக இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மாமியா சந்தையில ஆடு வாங்கறப்பவே கண்ணைப் பிதுக்கித்தானுங்க பாப்பாங்க" என்றார். பிறகு அட்டை இல்லாமலே வரிசையாக இருபது ஆடுகளின் இமையைப் பார்த்து, மூன்றைத் தனியே பிரித்துக் கட்டினார். நான் அந்த இருபதின் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் சோதித்தேன். இரத்தம் மிகக் குறைந்திருந்த மூன்றும் அவர் பிரித்த மூன்றுதான். அந்த முடிவுத்தாள் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.

அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவரின் பழகிய கண்ணை ஆயிரம் பேருக்குப் பகிர அட்டை வேண்டும், அளவு வேண்டும், எண் வேண்டும். ஆனால் மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஊற்றச் சொன்ன அந்தப் பத்து ஆண்டுகளில் இவருடைய மாமியாரின் கண்ணை யாரேனும் ஒருவர் விசாரித்திருந்தால், எத்தனையோ பட்டிகளில் அந்த மருந்து இன்றும் பலித்திருக்கும்.

ஐந்தாம் நாள், வெள்ளி: சாலையில்

தாராபுரத்திலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகக் கோவில்பட்டி. வாடிப்பட்டியைக் கடக்கும்போது கச்சைகட்டி கருப்பு ஆடுகளின் ஊர் இந்தப் பக்கம் என்று மாணவிக்குக் காட்டினேன். இறங்க நேரமில்லை.

வழியில் அவள் கேட்டாள்: "மேடம், நீங்க ஊசி மருந்தைக் கரைச்ச நேரத்தை ஏன் எப்பவும் கையிலயே எழுதிக்கறீங்க?" யாரும் இதுவரை கேட்டதில்லை.

1991-இல், ஒரு கிராமத்தில், 300 செம்மறிகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டேன். உயிருள்ள வைரஸால் ஆன மருந்து அது. உலர்நிலையில் குளிரில் வைத்திருக்க வேண்டும். உப்பு நீரில் கரைத்துவிட்டால் பனிக்கட்டிமேல் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். நான் எல்லாக் குப்பிகளையும் காலையிலேயே கரைத்து வைத்துக்கொண்டேன். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்து சேர நண்பகல் ஆயிற்று. பனிக்கட்டி கரைந்து தண்ணீராகியிருந்தது. எனக்கு அது தெரிந்தது. ஆனால் ஊரே கூடி ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாளை வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டு முடித்தேன். ஐந்து வாரம் கழித்து அந்த ஊரில் அம்மை கண்டது. 41 குட்டிகள் செத்தன. ஒரு பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ஊசி போட்டும் போயிருச்சே டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த மூன்றாண்டுகள் அந்த ஊரில் யாரும் எந்த ஊசிக்கும் ஆட்டைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவர்கள்மேல் நியாயம் இருந்தது.

மாணவி வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆறாம் நாள், சனி: எட்டயபுரம்

சனிக்கிழமை தோறும் கூடும் எட்டயபுரம் ஆட்டுச்சந்தை விடியுமுன்பே தொடங்கிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டிகளிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் இங்கே காலூன்ற இடமிருக்காது. இன்று சாதாரண நாள் என்றார்கள். ஆனாலும் கண்ணுக்கெட்டிய வரை ஆடுகள். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். வாங்குபவர்கள் கீழுதட்டை விலக்கிப் பல் பார்த்தார்கள். பால்பல்லா, இரண்டு பல்லா, நான்கு பல்லா என்பதைக் கொண்டு வயதைச் சொல்லும் இந்த முறையைத்தான் கல்லூரியில் நாங்கள் முதலாண்டில் மனப்பாடம் செய்தோம்.

கன்னி ஆட்டின் சொந்த மண் இது. உடல் முழுக்கக் கறுப்பு, கொம்படியிலிருந்து மூக்குவரை முகத்தின் இரு பக்கமும் இரண்டு கோடுகள். கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. இரட்டைக்குட்டி ஈனுவது இதில் மிக இயல்பு. கொடி ஆடு வேறு. கால் நீண்டு உயர்ந்து மெலிந்து, வெள்ளை உடலில் கறுப்போ சிவப்போ தெளித்ததுபோல் இருக்கும். கறுப்புத் தெளித்தது கரும்போரை, சிவப்புத் தெளித்தது செம்போரை. செம்மறிக் கிடைக்காரர்கள் தங்கள் மந்தையில் சில கொடி ஆடுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அது முன்னால் நடக்கும், செம்மறி பின்தொடரும். சற்றுத் தள்ளி வேம்பூர் செம்மறிகளும் நின்றன. வெள்ளை உடலில் செந்திட்டுகள் இருப்பதால் இவற்றைப் பொட்டாடு என்றும் சொல்கிறார்கள். வேம்பூர் இங்கிருந்து தொலைவில்லை.

ஓர் இனத்தை இனம் என்று நிறுவ எளிய கருவிகள் போதும்: ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, நிறையப் பொறுமை. திமில்மட்ட உயரம், மார்புச் சுற்றளவு, காது நீளம், எத்தனை மாதத்தில் முதல் ஈற்று, ஈற்றுக்கு எத்தனை குட்டி. இப்படி நூற்றுக்கணக்கான ஆடுகளை ஊர் ஊராக அளந்து, அந்த ஆட்டின் பரப்பெல்லையை வரைந்து, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகத்துக்கு அனுப்பினால் அவர்கள் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. அவற்றில் இன்ன இனம் என்று சுட்டிச் சொல்லக்கூடியவை சிறு பகுதிதான். 2011 முதல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் கொடுத்த அரசுத் திட்டத்தால் பல வீடுகளில் அடுப்பெரிந்ததை நான் நேரில் கண்டேன். அதே சமயம் கைக்குக் கிடைத்த ஆட்டையெல்லாம் எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனதில் இனங்கள் கலந்ததையும் கண்டேன். இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் நேர்மை.

சந்தையில் நல்ல பால்கன்னிகள் சிலவே இருந்தன. காது நீண்ட கலப்பாடுகள்தான் அதிகம். எடை கூடுதலாக நிற்கும் என்பதால் வெளியூர்க் கிடாவைச் சேர்க்கிறார்கள். ஒரு தரகரிடம், "அண்ணாச்சி, கன்னி ஏன் குறைஞ்சுபோச்சு?" என்று கேட்டேன். "கறிக்கடையில ஆட்டோட மூஞ்சியவா தொங்க விடுதான்? எடைதானம்மா காசு" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கரிசலின் வெயிலில் தழை குறைந்த கோடையிலும் இரண்டு குட்டிகளை ஈன்று வளர்க்கும் தாயின் மதிப்பு கறிக்கடைத் தராசில் தெரியாது. ஓராண்டுக் கணக்கில்தான் தெரியும். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் பெண்கள்தாம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் சந்தைக்கு வருவதில்லை. கணக்கைக் கேட்க நாங்கள்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏழாம் நாள், ஞாயிறு: தஞ்சைப் பக்கம், ஒரு கிடை

இரவே கிளம்பி விடியலில் வந்து சேர்ந்தோம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து மேய்ச்சல் தேடி வலசை வந்த கீதாரிகள், அதாவது செம்மறி மந்தைக்காரர்கள், கிடை போட்டிருக்கிறார்கள். பகலில் தாளடியில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலுக்குள் வலையும் படலும் கட்டி அடைக்கிறார்கள். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு எருவாகின்றன, வயல்காரர் அதற்குக் கூலி கொடுக்கிறார். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள்.

இந்தக் கிடையின் கீதாரி ஐயாவை எனக்கு 1990-களிலிருந்து தெரியும். துள்ளுமாரி என்னும் நோயைப் புத்தகத்தில் படித்திருந்தேன். புதுமழைக்குப் பின் குருத்துப்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் குடலில் உள்ள கிளாஸ்ட்ரிடியம் கிருமி திடீரெனப் பெருகி நஞ்சை விடும். சிறுநீரகம் கூழாகிப்போகும். ஆனால் மந்தையில் எந்தக் குட்டி முதலில் துள்ளி விழும் என்பதைச் சொன்னவர் இவர். "நல்லாக் கொழுத்து, தாய்ப்பாலு நெறயக் குடிக்கிறது எதுவோ அதுதான் மொதல்ல போகும்" என்றார். அன்று நாங்கள் அறுத்துப் பார்த்த நான்கு குட்டிகளும் அப்படியே இருந்தன. நோயின் பெயரிலேயே அதன் அறிகுறி இருக்கிறது. துள்ளி விழுந்து மாரிபோல் கொண்டுபோவது என்று பெயர் வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார்.

இன்று நாங்கள் வெறும் கையோடு வரவில்லை. அருகிலுள்ள மருந்தகத்தின் உதவி மருத்துவர், என் வேண்டுகோளின்பேரில் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியுடன் வந்திருந்தார். வளர்ந்த ஆடுகளுக்குச் சென்ற ஆண்டு போட்டாயிற்று. அதன்பின் பிறந்து நான்கு மாதம் கடந்த குட்டிகள் 180 இருந்தன. தடுப்பூசிப் பதிவேடு ஊர் ஊராகப் போகிறது. ஊசி போடுபவர் இராமநாதபுரத்து ஊருக்குப் போகும்போது இந்தக் கிடை தஞ்சையில் இருக்கிறது. தஞ்சையின் பட்டியலில் இவை வேற்றூர் ஆடுகள். ஒழியாமல் நிற்கும் நோய் பதுங்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? வலசை கிளம்பும் மாதத்தைக் கீதாரிகளிடம் கேட்டு, அதற்கு மூன்று வாரத்துக்கு முன் ஊசியை முடிக்க வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். சில இடங்களில் நடந்தது, பல இடங்களில் நடக்கவில்லை.

ஏழு மணிக்கு முதல் குப்பியைக் கரைத்தோம். மாணவி தன் கையில் நேரத்தை எழுதிக்கொண்டாள். கீதாரியின் பேரன் குட்டிகளைப் பிடித்துக் கொடுக்க, அவள் தோலைக் கிள்ளித் தூக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லி போட, நான் முதுகில் நீலச் சாயக்கோடு இழுத்தேன். நூறு குட்டிகள் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. இரண்டாம் குப்பி கரைத்தபோது மணி 8.40. வயல்வரப்பில் வந்த டிராக்டரின் சத்தத்துக்கு மிரண்டு குட்டிகள் வலையைத் தாண்டி ஓடிவிட்டன. அவற்றை மடக்கி அடைப்பதற்குள் வெகுநேரம் போயிற்று. வெயில் ஏறியது.

10.40-க்கு மாணவி ஊசியைக் கீழே வைத்தாள். 38 குட்டிகள் முதுகில் கோடு இல்லாமல் நின்றன. குப்பியில் மருந்து பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"மருந்துதான் மிச்சம் இருக்கே தாயி, போட்டு முடிச்சிரலாமே" என்றார் கீதாரி ஐயா. அவள் தன் கையில் எழுதியிருந்ததை அவரிடம் காட்டினாள். அவருக்கு எழுத்துத் தெரியாது. "மணி ஆயிருச்சு ஐயா. இது இனிமே தண்ணி. காலையில புதுசு கரைச்சு மீதிக்குப் போடறேன்" என்றாள். உதவி மருத்துவரின் குளிர்பெட்டியில் கரைக்காத குப்பி இன்னொன்று இருந்தது. பனிக்கட்டிக்கு மட்டும் டவுனுக்கு ஆளனுப்ப வேண்டும்.

நாளைக் காலை நாங்கள் ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். கீதாரி ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்குக் கிடையை அடுத்த வயலுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்ததை வயல்காரரிடம் ஒருநாள் தள்ளிக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். மாணவி மிச்ச மருந்தைக் கொதிநீரில் ஊற்றிக் குப்பியையும் போட்டாள். பேரன் கோடில்லாத குட்டிகளைத் தனியே பிரித்துப் பஞ்சாரத்திலும் சின்ன வலையிலும் அடைத்துக்கொண்டிருக்கிறான். இன்றிரவு கிடையின் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறோம். இந்தக் குறிப்பையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன்.